அந்த மாணவன் ஒட்டிய படம்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் கூடவே வைத்திருந்த நோட்டுப் பக்கத்தின் நகலும் கிடைத்தன. ஒன்பதாம் வகுப்புப் பையன் எங்கிருந்தோ கத்தரித்து ஒட்டிய வானப் படம். நடுவில் ஒரு நட்சத்திரம், அதிலிருந்து நான்கு மூலைக்கும் ஓடும் சிவப்புக் கோடுகள், அவற்றுக்குக் குறுக்கே ஏணிப் படி மாதிரி வரிசையாகக் கீற்றுகள். கீழே பென்சிலில் எழுதியிருக்கிறான்: “இதை யார் ஸ்கேல் வைத்து வரைந்தது?” கம்ப்யூட்டரில் செய்ததாக இருக்கும் என்று வகுப்பில் சொல்லிவிட்டீர்கள், வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பையனுக்கு நான் முதலில் நன்றி சொல்ல வேண்டும். இந்தப் படத்தைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி எழுத ஒரு சாக்கு கிடைத்தது.

படம் உண்மையானது. ஹப்பிள் தொலைநோக்கி எடுத்தது, 2004 மே மாதம் வெளியானது. நீங்கள் சொன்னதிலும் ஒரு சிறு பங்கு சரிதான். ஹப்பிள் கேமரா கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுக்கும். வடிகட்டிகளை மாற்றி மாற்றி எடுத்த படங்களுக்குப் பிறகு நிறம் கொடுத்துச் சேர்ப்பார்கள். ஆனால் அந்தக் கோடுகளை யாரும் வரையவில்லை. அந்தப் படிகளை யாரும் அடுக்கவில்லை. நாளைக்கு வகுப்பில் முதல் வேலையாக இதை அவனிடம் சொல்லிவிடுங்கள்.

இது ஒரு நெபுலா, அதாவது வாயுவும் தூசியும் கலந்த மேகம். இதற்குச் சிவப்புச் செவ்வகம் என்று பெயர். நடுவில் உள்ள நட்சத்திரத்துக்கு அட்டவணையில் ஹெச்.டி. 44179. சுமார் 2,300 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது.

பெயர் வந்த கதையை அவனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் அவன் கேள்விக்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம் ஒன்று ராக்கெட்டுகளில் சிறு தொலைநோக்கியை வைத்து மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. காற்றுமண்டலத்துக்கு வெளியே சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அதற்குள் வானத்தில் எங்கெங்கே அகச்சிவப்புக் கதிர், அதாவது வெப்பம், வருகிறது என்று பார்த்துக் குறித்துவிட வேண்டும். 1973-இல் அப்படிக் குறித்த இடங்களில் ஒன்றில் இந்த நட்சத்திரம் இருந்தது. ஏட்டில் அது புதிதல்ல. 1915-லேயே ராபர்ட் எய்ட்கன் என்பவர் அதை இரட்டை நட்சத்திரம் என்று பட்டியலில் சேர்த்திருந்தார். வெப்பத்தைப் பார்க்கும் கண்ணால் பார்த்தபோதுதான் அதன் விசேஷம் தெரிந்தது. தரையில் இருந்த பெரிய தொலைநோக்கிகளை அதன் பக்கம் திருப்பினால், நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு சிவந்த செங்கல்லை வைத்த மாதிரி ஒளி! 1975-இல் மார்ட்டின் கோஹனும் அவருடன் ஒரு பெரிய குழுவும் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இதை விசித்திரமான பொருள் என்று குறிப்பிட்டார்கள். செவ்வகம் என்ற பெயரும் அந்தத் தலைப்பில் இருக்கிறது.

அந்தச் செங்கல் வடிவம் நம் காற்று செய்த வேலை. கண்ணாடி போடாமல் தூரத்துப் பஸ்ஸின் போர்டைப் படிக்கிறவருக்கு எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரு கட்டையாகத் தெரியுமே, அப்படி. காற்று நடுங்குவதால் நுணுக்கமெல்லாம் கலைந்து, நான்கு மூலையும் ஒரு நடுவும்தான் தேறின. காற்றுக்கு மேலே நின்று ஹப்பிள் பார்த்தபோது செவ்வகம் மறைந்து ஒரு பெருக்கல் குறி வந்தது. அந்த ஆய்வில் பெல்ஜியம் லூவன் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் வான் விங்கலும் இருந்தார். ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அதே மார்ட்டின் கோஹன். ஒரு பொருளுக்குப் பெயர் வைத்தவரே ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து அதன் முகத்தைச் சரியாகப் பார்த்தார். எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம் இது.

இனிப் பெருக்கல் குறிக்கு வருவோம். இதை வகுப்பில் செய்து காட்டலாம். முதலில் ஓர் எவர்சில்வர் டம்ளர், அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கிற மாதிரி பார்த்து எடுங்கள். கண்ணுக்கு நேர் மட்டத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். வட்டமான விளிம்பு ஒரு நேர்கோடாகிவிடும். டம்ளர் மொத்தமும் செவ்வகம். ஸ்கேல் எதுவும் வைக்கவில்லை. கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்தால் விளிம்பு முட்டை வடிவம், நேர் மேலே போனால் வட்டம். செவ்வகம் டம்ளரில் இல்லை, பார்க்கிற இடத்தில் இருக்கிறது.

அடுத்து ஓர் உடுக்கை. உங்கள் ஊர்க் கோயிலிலோ பூசாரி வீட்டிலோ கிடைக்கும், இல்லாவிட்டால் இரண்டு புனல்களின் குழாய் முனைகளைச் சேர்த்து ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு வாயும் அகலம், இடை ஒடுக்கம். பக்கவாட்டில் வைத்து வெளிக்கோட்டை மட்டும் வரைந்தால் பெருக்கல் குறி. நெபுலாவின் உருவம் இதுதான். நட்சத்திரம் இடையில் இருக்கிறது. அதிலிருந்து வாயுவும் தூசியும் இரு பக்கமும் கூம்பாக விரிந்து போகின்றன. அந்தக் கூம்பை நாம் கிட்டத்தட்டத் துல்லியமாகப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறோம்.

அப்படியானால் கூம்பு முழுக்க ஒளிராமல் ஓரம் மட்டும் ஏன் கோடு மாதிரி பளிச்சிடுகிறது என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும். அரிக்கேன் விளக்கின் சிம்னியை எடுத்துக் காட்டுங்கள். கண்ணாடி எல்லா இடத்திலும் ஒரே கனம்தான். ஆனாலும் நடுவில் கண்ணாடி இருப்பதே தெரியாது, இரண்டு ஓரத்திலும் கெட்டியாகத் தெரியும். ஓரத்தில் நம் பார்வை கண்ணாடியின் நீளவாக்கில் போகிறது, அதனால் அதிகக் கண்ணாடியைக் கடக்கிறது. கூம்பின் சுவரும் அப்படித்தான்.

ஏணிப் படிகளுக்கு டம்ளர் விளிம்பே விடை. ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த கிண்ணங்களைப் போல நட்சத்திரம் விட்டு விட்டு உமிழ்ந்த அடுக்குகள் அவை. ஒவ்வொன்றின் வட்ட விளிம்பும் பக்கவாட்டில் நேர்கோடாகத் தெரிகிறது. இதே நெபுலாவை வேறு ஒரு திசையிலிருந்து, உடுக்கையின் வாய்க்கு நேராக நின்று, யாராவது பார்த்தால் அவர்களுக்கு ஏணியும் கிடையாது, பெருக்கல் குறியும் கிடையாது. வளையத்துக்குள் வளையமாக வட்டங்கள் தெரியும்.

உடுக்கைக்கு இடை எப்படி வந்தது? நட்சத்திரம் சூரியனைப் போலப் பிறந்து, வயதாகி, ஊதிப் பெருத்து, மேல்தோலை உதிர்க்கிற நிலையில் இருக்கிறது. உதிர்ப்பது சுமார் 14,000 வருடத்துக்கு முன்பு தொடங்கியது. அதற்கு ஒரு துணை உண்டு. இரண்டும் ஏறத்தாழப் பத்து மாதத்துக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. உதிர்ந்த பொருளில் ஒரு பகுதி இந்த ஜோடியைச் சுற்றித் தடித்த தட்டாகத் தங்கிவிட்டது. ஹப்பிள் படத்தில் நட்சத்திரத்துக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை இருக்கிறதே, அது அந்தத் தட்டின் நிழல். நட்சத்திரத்தை நாம் நேராகப் பார்க்கவே இல்லை. தட்டுக்கு மேலும் கீழும் தூசியில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தைத்தான் பார்க்கிறோம். பிரான்ஸ் நாட்டு மலை மேல் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகளும், பிறகு சிலி நாட்டின் ஆல்மா தொலைநோக்கியும் அந்தத் தட்டு சுழல்வதை அளந்தன. சூரியனைக் கோள்கள் சுற்றுவது போல உள்ளே வேகமாகவும் வெளியே மெதுவாகவும் ஒழுங்காகச் சுற்றுகிறது. இடையில் இப்படி ஓர் அணை நிற்கும்போது புதிதாக வருகிற வாயு மேலும் கீழும்தான் போக முடியும். துணை நட்சத்திரம் பெரியவரிடமிருந்து பொருளை இழுத்து, அதில் கொஞ்சத்தை நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் இரு முனையிலும் பீய்ச்சி அடிக்கிறது என்றும் கண்டிருக்கிறார்கள். கூம்பைக் குடைந்தது அதுதான் என்பது இன்றைய விளக்கம்.

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, எல்லாம் தெரிந்துவிட்டது போலிருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஏணிப் படிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கணக்கிட்டால், சில நூறு வருடத்துக்கு ஒரு முறை ஓர் அடுக்கு வெளியேறியிருக்க வேண்டும் என்று வருகிறது. இரட்டை நட்சத்திரத்தின் சுற்றோ பத்து மாதம். பத்து மாதக் கடிகாரம் ஓடுகிற வீட்டில் நூற்றாண்டுக்கு ஒரு முறை மணி அடிப்பது எது? இதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் இன்னும் இல்லை.

1998-இல் இன்னொரு சிக்கலும் வந்தது. ஐரோப்பாவின் அகச்சிவப்பு விண்தொலைநோக்கியால் பார்த்தவர்கள், இடையில் சுழலும் தட்டில் ஆக்ஸிஜன் சார்ந்த தூசி, கிட்டத்தட்ட மணல் ஜாதி, இருப்பதைக் கண்டார்கள். ஆனால் வெளியே விரியும் நெபுலா முழுக்கக் கார்பன் ஜாதி. ஒரே நட்சத்திரம், இரண்டு வகை உமிழ்வு. ஆற்று மடுவில் பழைய வண்டல் தங்கி நிற்க, மேலே புதுத் தண்ணீர் வேறு நிறத்தில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி, தட்டு உருவானது முந்திய காலத்தில், அப்போது நட்சத்திரத்தின் மேற்பரப்பில் ஆக்ஸிஜன் மிகுதி. பிறகு உள்ளே சமைந்த கார்பன் மேலே வந்து சேர்ந்தது என்று விளக்குகிறார்கள். நல்ல விளக்கம்தான். வண்டலுக்கு வயது கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

இனி நிறத்துக்கு வருகிறேன். உங்கள் மாணவன் கோடுகளைப் பார்த்து வியந்தான். எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு அந்தச் சிவப்பு.

நெபுலா சிவப்பாக இருந்தால் அது ஹைட்ரஜன் என்று சொல்லிப் பழகிவிட்டோம். நானும் வெகுகாலம் இதையும் அப்படியே எண்ணியிருந்தேன். ஓரியன் நெபுலாவின் சிவப்பு ஹைட்ரஜன்தான். அங்கே கொதிக்கும் இளம் நட்சத்திரங்கள் உண்டு. இங்கே நடுவில் இருக்கும் கிழ நட்சத்திரத்துக்குச் சுற்றியுள்ள வாயுவை அப்படி ஒளிரவைக்கிற சூடு கிடையாது. இன்னும் சில ஆயிரம் வருடத்தில் அது சுருங்கிச் சூடாகிப் புற ஊதாக் கதிரைக் கொட்டும்போது அந்த நிலை வரலாம். இப்போது இல்லை. நிறப்பட்டையில் பிரித்துப் பார்த்தால் ஹைட்ரஜனின் மெல்லிய கோட்டுக்குப் பதிலாக, மஞ்சளில் தொடங்கி ஆழ்ந்த சிவப்பு வரை பரந்த ஒரு மேடு, அதன் மேல் சில கூர்மையான முகடுகள். விரிந்த சிவப்பு உமிழ்வு என்று அந்த மேட்டுக்குப் பெயர். பெயர் மட்டும்தான் உறுதியாக இருக்கிறது. எந்தப் பொருள் அதை உமிழ்கிறது என்பது ஐம்பது வருடமாக வழக்கில் இருக்கிறது.

எந்த மாதிரி ஒளிர்வு என்பது தெரியும். வங்கியிலும் பெரிய கடையிலும் ரூபாய் நோட்டை ஊதா விளக்கின் கீழே காட்டுவார்கள் அல்லவா? வெறும் வெளிச்சத்தில் தெரியாத சின்னச் சின்ன இழைகள் அங்கே பளபளவென்று எழுந்து நிற்கும். புற ஊதாவை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பிக் கொடுக்கிற பொருள் அந்த இழையில் இருக்கிறது. நெபுலாவிலும் தூசியோ மூலக்கூறோ அதே வேலையைச் செய்கிறது. விளக்கைப் பிடிப்பது யார் என்றால், துணை நட்சத்திரத்தைச் சுற்றிக் கொதிக்கும் வாயு என்று அடால்ஃப் விட் குழுவினர் 2009-இல் கணக்குக் காட்டினார்கள். இழைதான் யாரென்று தெரியவில்லை. சிலிக்கானின் மிக நுண்ணிய துகள் என்று ஒரு கட்சி. ஹைட்ரஜன் ஏறிய கரி என்று இன்னொன்று. நுண்வைரம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். மின்னேற்றம் பெற்ற வளைய ஹைட்ரோகார்பன்கள் என்பது வலுவான மற்றொரு கட்சி. ஒவ்வொன்றுக்கும் ஆய்வுக்கூடச் சாட்சியம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஆட்சேபமும் இருக்கிறது.

வளைய ஹைட்ரோகார்பன் என்றதும் பயந்துவிட வேண்டாம். துணிப்பெட்டியில் போடுகிற பாச்சை உருண்டை, நாப்தலின், அந்தக் குடும்பத்தில் சின்னது. இரண்டு வளையம். மூன்று வளையம் சேர்ந்தால் ஆந்த்ரசீன், நிலக்கரித் தாரில் கிடைப்பது. நான்கு சேர்த்து ஒட்டினால் பைரீன். புகையிலும் விளக்குக் கரியிலும் இந்தக் குடும்பம் இருக்கிறது. 2004-இல் அடால்ஃப் விட், உமா விஜ், கார்ல் கார்டன் ஆகிய மூவரும் சிவப்புச் செவ்வகத்துக்குள் ஒரு மெல்லிய நீல ஒளிர்வைப் பிரித்தெடுத்தார்கள். அது ஆந்த்ரசீன், பைரீன் அளவுள்ள மூலக்கூறுகளின் ஒளிர்வோடு ஒத்துப்போகிறது என்றார்கள். சிவப்பு என்று பெயர் வாங்கிய பொருளில் நீலத்தை முதலில் அடையாளம் காண முடிந்தது, அதுவும் “இருக்கலாம்” என்ற அளவில். தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டார்கள். அந்தக் கேள்விக்குறியை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த வழக்கு ஒரு நெபுலாவோடு நிற்கவில்லை. 1919-இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் மேரி லீ ஹெகர் என்ற இளம் ஆய்வாளர் இரட்டை நட்சத்திரங்களின் நிறப்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நட்சத்திரங்கள் சுற்றும்போது அவற்றின் கோடுகள் இப்படியும் அப்படியும் நகர்ந்தன. இரண்டு மங்கலான பட்டைகள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன. அவை நட்சத்திரத்தில் இல்லை, நடுவழியில் ஏதோ ஒன்று ஒளியை விழுங்குகிறது. இன்று அந்த மாதிரிப் பட்டைகள் 500-க்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். 1990-களில் பிரிட்டனின் பீட்டர் சார் குழுவினர் சிவப்புச் செவ்வகத்தின் கூர்முகடுகள் சில, அந்தப் பட்டைகள் இருக்கிற இடத்துக்கு மிக அருகில் வருவதைக் காட்டினார்கள். மற்ற இடங்களில் விழுங்குகிற பொருளே இங்கே உமிழ்கிறதா? நட்சத்திரத்திலிருந்து விலகிப் போகப் போக முகடு அந்த இடத்தை நோக்கி நகர்கிறது. ஆனால் கச்சிதமாகப் போய்ச் சேர்வதில்லை என்று பின்னால் அளந்தவர்கள் சொன்னார்கள். 500 பட்டைகளில் முதன்முதலாக ஆள் அடையாளம் உறுதியானது 2015-இல். சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் ஜான் மையரின் ஆய்வுக்கூடம், 60 கார்பன் அணுக்கள் கால்பந்து போலக் கூடிய மூலக்கூறின் அயனியைக் கடுங்குளிரில் வைத்து அளந்து, வானத்துப் பட்டைகளோடு பொருத்திக் காட்டியது. அவையும் ஹெகர் பார்த்த இரண்டு அல்ல. அந்த இரண்டும் இன்னும் பெயரில்லாமல்தான் இருக்கின்றன.

இந்த விரிந்த சிவப்பு உமிழ்வு நம் பால்வீதியில் நட்சத்திரங்களுக்கு நடுவே பரவிய மெல்லிய தூசியிலும் இருக்கிறது என்று 1998-இல் கண்டார்கள். அதாவது நாம் அண்ணாந்து பார்க்கிற வெளியெங்கும் கார்பனோ சிலிக்கானோ, ஏதோ ஒன்று, நமக்குப் பெயர் தெரியாமல் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. அது மிகப் பளிச்சென்று, கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி தெரிகிற இடங்களில் ஒன்று சிவப்புச் செவ்வகம். இந்தக் கிழ நட்சத்திரத்தின் பின்னால் இத்தனை பேர் இத்தனை வருடமாக அலைவதற்குக் காரணம் அதுதான்.

உருவத்தைப் பொறுத்தவரை இது தனிப்பிறவி என்று சொல்ல முடியாது. 2007-இல் பீட்டர் டட்ஹில், ஜேம்ஸ் லாயிட் இருவரும் சர்ப்ப விண்மீன் குழுவில் இதற்குத் தம்பி மாதிரி ஒன்றைப் படம் எடுத்தார்கள். அதற்குச் சிவப்புச் சதுரம் என்று பெயர் வைத்தார்கள். அதிலும் கூம்பு, அதிலும் குறுக்குக் கீற்று.

உங்கள் மாணவனிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால், கோடுகளுக்கு ஸ்கேல் தேவைப்படவில்லை, நாம் நின்ற இடம் போதும் என்று டம்ளரை வைத்துக் காட்டுவேன். பிறகு படிகளை எண்ணச் சொல்வேன். கடைசியாக நிறத்துக்கு வந்து, இதற்கு உலகத்தில் யாரிடமும் முடிவான பதில் இல்லை என்று சொல்வேன். பிள்ளைகளிடம் இப்படிச் சொல்ல நம்மில் பலர் தயங்குகிறோம், ஆசிரியருக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமோ என்று. நான் பார்த்தவரை பிள்ளைகள் அந்த நிமிடத்தில்தான் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

முடிந்தால் ஜனவரியில் ஒரு நாள் இரவு பத்து மணி வாக்கில் அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு வாருங்கள். ஏறக்குறைய உச்சியில் திருவாதிரை செம்மையாக நிற்கும். அதற்குத் தென்கிழக்கே, நட்சத்திரங்களிலேயே மிகப் பளிச்சென்று இருப்பது சிரியஸ். திருவாதிரையிலிருந்து சிரியஸுக்கு மனசுக்குள் ஒரு கோடு போட்டு, முக்கால் வழி வந்து, கொஞ்சம் மேற்கே தள்ளிப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றும் இல்லை. நல்ல இருட்டும் நல்ல பைனாகுலரும் இருந்தால் கூட்டத்தில் ஒரு மங்கல் புள்ளியாக அந்த நட்சத்திரம் அகப்படலாம். சிவப்பும் ஏணியும் தெரியாது, அதற்குப் பெரிய தொலைநோக்கி வேண்டும். இடத்தை விரலால் காட்டினாலே போதும்.

அந்தப் பையனுக்கு என் பெயரில் ஒரு வேலை கொடுங்கள். இதே நெபுலாவை உடுக்கையின் வாய்ப் பக்கமிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவன் ஒட்டிய படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வரையட்டும். படிகள் எல்லாம் எங்கே போகின்றன என்று அவனே யோசிக்கட்டும். காம்பஸ் வேண்டும் என்று கேட்டால் கொடுங்கள். வரைந்ததும் அந்தப் பக்கத்தின் நகலையும் எனக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வானியல் பகுதி எழுத்தாளர்